ஈசான மூலையிலிருந்து

கடைசிப் பலகைக்குப் பூச்சுக் கொடுத்துவிட்டு, பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற பிறகுதான் பொன்னுரங்கத்துக்குத் தாம் செய்து வைத்திருக்கிற காரியம் விளங்கியது. அவர் நிற்பது படுக்கையறை வாசற்படியில். தெருக்கதவு, சமையலறை, கழிப்பறை, காலையில் கிண்டி மூடி வைத்த உப்புமா, ஜன்னல் ஓரத்தில் வைத்த செல்போன், எல்லாம் கூடத்துக்கு அந்தப் பக்கம். நடுவே இருபதடிக்குப் பதினாறடிக் கூடம், பலகை பலகையாக, ஈரமாக, மினுமினுவென்று கிடந்தது. நாலு மணி நேரம் கால் படக் கூடாது என்று பாலிஷ் கடைச் சக்கரியா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கைக்கடிகாரத்தில் மணி பத்தேகால். படுக்கையறை ஜன்னல் வழியாக இறங்கிவிடலாம் என்றால், குரங்குக்குப் பயந்து அதற்குக் கம்பி போட்டவரும் அவரேதான். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், சரி, ஆனால் எந்த யானையும் தன்னைத் தானே கொட்டடியில் போட்டுப் பூட்டிக்கொண்டதாகக் கேள்வி இல்லை. எப்படி நடந்தது இது என்று யோசித்தால் பதில் சுலபமாக இருந்தது. ஈசான மூலையில் ஆரம்பித்திருக்கிறார். வெள்ளையடித்தாலும், ஒட்டடை அடித்தாலும், புதுப் பாய் விரித்தாலும் ஈசானத்தில் தொட்டு ஆரம்பிக்க வேண்டும் என்பது வசந்தமணியின் சட்டம். அவருக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, கேட்டால் சத்தியம் பண்ணியே சொல்லுவார். ஆனால் முப்பத்தாறு வருடம் ஒருத்தியோடு குடும்பம் நடத்தினால் நம்பிக்கை இல்லாத கையும் தானாக அந்த மூலைக்குப் போகிறது. இந்த வீட்டுக்கு வாசலே ஈசானத்தில். வாங்கும்போது, இப்படி அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று தரகர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆக, வாசலை முதலில் அடைத்து, பின்னுக்குப் பின்னுக்கு நகர்ந்து, மூலைவிட்டமாக வந்து கன்னி மூலை அறைக்குள் புகுந்துகொண்டார். உப்புத்தாள் போட்ட மூன்று வாரமும் அதே மூலையில்தான் ஆரம்பித்தார். அப்போது தரையில் நடக்க முடிந்தது, அதனால் தெரியவில்லை. வாசல் பக்கமாக முடியுங்கள் என்று சக்கரியா சொல்லவில்லை. யாருக்கும் சொல்லத் தேவைப்படாத விஷயத்தை அவர் ஏன் சொல்லப் போகிறார்.

போகட்டும், நாலு மணி நேரம்தானே. கட்டிலில் உட்கார்ந்தார். காத்திருப்பது அவருக்குத் தொழில். குன்னூருக்குக் கீழே ஒரு டீ ஃபேக்டரியில் முப்பத்து நாலு வருடம் டீ மேக்கராக இருந்தவர். பறித்து வந்த பச்சை இலையைத் தொட்டியில் பரப்பிக் காற்றடித்துவிட்டு, அது வாடுகிற வரைக்கும் பன்னிரண்டு மணி நேரமோ பதினாறு மணி நேரமோ, மழைக்காலமானால் அதற்கு மேலோ, பொறுத்திருக்க வேண்டும். கையில் ஒரு பிடி எடுத்துப் பிசைந்து விட்டால் உருண்டை மெதுவாக விரிய வேண்டும். படக்கென்று விரிந்தால் இன்னும் வாடவில்லை. பச்சை வாசனை போய் ஆப்பிள் வாசனை மாதிரி ஒன்று கிளம்பும், அதற்கு முன்னால் ஒரு நிமிடம் அவசரப்பட்டாலும் அன்றைய டீ துவர்த்துப் போகும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எத்தனை சூப்பர்வைசர்களைத் திட்டியிருக்கிறார். இந்தப் பாலிஷ் வாசனை அப்படிச் சாதுவானதல்ல, மூக்குத் தண்டில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கூடத்து ஜன்னல் ஒன்றைத் திறந்து வைத்திருந்தார், காற்றுக்காக. இப்போது அதுவே ஒரு கவலையானது. மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறினால் அந்த ஜன்னல் வழியாக உள்ளே வரும். பனி பட்டால் பாலிஷ் பால் மாதிரி வெளுத்துப்போகும் என்றும் சக்கரியா சொல்லியிருந்தார். அந்த மனிதர் பயமுறுத்தாத விஷயம் இந்த ஒரு வாசல்தான். வெளுத்துப்போனால் நாளைக்கு என்ன பண்ணுவது. நாளை மத்தியானம் வசந்தமணி வருகிறாள். பக்கத்து வீட்டுக் கிளாரா டீச்சர் மகள் கல்யாணத்துக்கு. நான்கு வருடத்தில் இது ஐந்தாவது வருகை. வருகை என்று தன் மனம் சொன்னதை அவர் கவனித்தார். சொந்த வீட்டுக்கு வருவதை அப்படியா சொல்வார்கள்.

மூன்று மாதத்துக்கு என்றுதான் போனாள். மகள் பிரதீபாவின் பிரசவத்துக்குப் பெங்களூருக்கு. பிள்ளைக்குக் கழுத்து நிற்கட்டும் என்றாள், நின்றது. தவழட்டும், நடக்கட்டும், பேசட்டும், ஸ்கூலில் போடட்டும் என்று பேரன் நித்தின் வளர வளர அவளுடைய தேதியும் வளர்ந்தது. அவர்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றைப் பண்ணியிருக்கலாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்தபோது இந்தக் கூடத்துப் பலகையிலிருந்து ஒரு சிராய் அவள் குதிகாலில் ஏறிவிட்டது. சர்க்கரை உடம்பு. இங்கே ஒன்றும் தெரியவில்லை. பெங்களூர் போய்ச் சீழ் வைத்து, டாக்டர் கீறி எடுத்து, ஒரு மாதம் நொண்டினாள். போனில் சொன்னாள்: "அந்தத் தரையில கால் வெக்கவே பயமா இருக்குதுங்க." அந்த ஒரு வாக்கியத்தை அவர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். அப்படியானால் தரைதான் காரணம். தரையைச் சரி பண்ணிவிட்டால் வேறு காரணம் கிடையாது. வாடகைக்கு இழைப்பு மெஷின் எடுத்து, பழைய மெழுகையும் அழுக்கையும் சுரண்டி, துருத்திக்கொண்டிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளே அடித்து, மரத்தூளைப் பசையில் குழைத்து இடுக்கையெல்லாம் அடைத்து, பிறகு மெஷின் எட்டாத ஓரங்களில் முழங்காலில் நின்று உப்புத்தாள் தேய்த்து, வெறும் பாதத்தால் ஒவ்வொரு பலகையையும் தடவித் தடவிப் பார்த்தார், அவளுடைய குதிகாலை மனதில் வைத்துக்கொண்டு. அவளிடம் சொல்லவில்லை. நாளைக்கு வந்து பார்ப்பாள். அட, என்னங்க இது என்பாள். தரை சரியாகிவிட்டது என்று அவர் சொல்லுவார். அதோடு அவர் பங்கு முடிந்தது. பாக்கியை அவள் சொல்ல வேண்டும். அப்படியானால் இருந்துவிடுகிறேன் என்று அவளே சொல்ல வேண்டும். இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை எப்போதும் தடுக்கும். அவள் சொல்லாவிட்டால்?

அப்போது கூடத்தில் நித்தின் சிரித்தான். போன் மணி அது. பேரன் சிரிப்பைப் பதிவு பண்ணிப் பிரதீபா போனில் வைத்துக் கொடுத்திருந்தாள், அப்பா தனியாக இருக்கிறாரே என்று. நல்ல எண்ணம்தான். யாருமில்லாத கூடத்தில், ஈரத் தரைக்கு மேலே, ஒரு பிள்ளை கெக்கெக்கென்று விடாமல் சிரித்து ஓய்ந்தது. மறுபடி சிரித்தது. அவருக்குப் போன் பண்ணுகிற ஒரே ஆள் வசந்தமணி, அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்கு, விளக்கு வைத்த பிறகு. பத்தே முக்காலுக்குப் பண்ணமாட்டாள். பண்ணினால் ஏதோ ஆகியிருக்கிறது. மூன்றாவது தடவையும் சிரித்தபோது அவர் வாசற்படிக்கு வந்துவிட்டிருந்தார். விழுந்துவிட்டாளோ. சர்க்கரை ஏறிவிட்டதோ. நித்தினுக்கு ஏதாவது. இல்லை, வரவில்லை என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாளோ. சுவர் ஓரமாக, நுனிக்காலில், எட்டிப் போட்டால் ஒன்பது எட்டு. ஒன்பது தடம். அதை மறுபடி தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி காய வைக்க நாளை மத்தியானத்துக்குள் முடியாது. வலது காலைத் தூக்கிவிட்டார். பெருவிரல் நுனி ஈரத்தில் பட்டு ஒரு சின்ன இழுப்பு இழுத்தது. அவர் காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். போன் நின்றது. கட்டிலில் வந்து உட்கார்ந்து பெருவிரலைப் பார்த்தபடி, அவள் கூப்பிடுகிறாள், நான் தரையைப் பார்க்கிறேன், தரையும் அவளுக்காகத்தான் என்று நினைத்தார். நினைத்ததும் அந்த நியாயம் எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. ராத்திரி ஷிஃப்ட்டுக்கு ஜீப் வந்து ஹாரன் அடிக்கும்போதெல்லாம் மப்ளரைச் சுற்றிக்கொண்டே அவர் சொன்னதும் இதேதான். உங்களுக்காகத்தானே போகிறேன்.

பதினொன்றரைக்கு வயிற்றின் கீழே நச்சரிப்பு ஆரம்பித்தது. அறுபத்து மூன்று வயதில் மனிதன் நாலு மணி நேரத்துக்கு ஒப்புக்கொள்ளும்போது இதை நினைத்திருக்க வேண்டும். பன்னிரண்டு வரை மானத்தைப் பிடித்துக்கொண்டு உலாத்தினார், கட்டிலுக்கும் பீரோவுக்குமாக ஆறடி. பிறகு காலித் தின்னர் டப்பாவை மூலைக்கு எடுத்துப் போய், வீட்டில் யாருமே இல்லை என்று தெரிந்திருந்தும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, காரியத்தை முடித்தார். சிரிப்பு வந்தது. இதை வசந்தமணியிடம் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், தோள் குலுங்கச் சிரிப்பாள், ஏனுங்க உங்களுக்கு இந்தப் புத்தி என்பாள். சொல்ல ஆளில்லாத சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. கையெல்லாம் பாலிஷ் பிசுக்கு. துடைக்க ஒரு பழந்துணி வேண்டும். அதற்காகத்தான் அவளுடைய பீரோவைத் திறந்தார், வேறு எதற்காகவும் அல்ல. அவருடைய துணிகள் எப்போதும் கொடியில், நாற்காலி முதுகில், கதவு ஆணியில் கிடக்கும். இந்தப் பீரோவை அவர் திறந்து வருடக்கணக்காகிறது. சாவி அதிலேயே தொங்கியது. கைப்பிடியைத் திருகி இழுத்தார். மேல் தட்டில் ஒன்றும் இல்லை. விரித்த செய்தித்தாள் மட்டும். இரண்டாவது தட்டிலும் செய்தித்தாள். மூன்றாவதில் ஒரு குடை, ரப்பர் வெந்நீர்ப் பை, முழங்கை தேய்ந்த பழைய ஸ்வெட்டர். பெங்களூருக்குத் தேவைப்படாதவை. பட்டுப்புடவைகள் எங்கே. தினத்துக்குக் கட்டுகிற சின்னாளப்பட்டிகள் எங்கே. அவள் அம்மா கொடுத்த அந்தக் குங்குமப்பூ நிறக் கம்பளிச் சால்வை. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். திருடன் வந்தானா என்றுகூட ஒரு கணம் நினைத்தார், அவ்வளவு புத்திசாலி.

திருடனுக்குக் கூலியாக நின்றவர் அவர்தான். ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பிப் போகும்போது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போனது யார். "என்ன மணி இப்பிடிக் கனக்குது?" என்று ஒரு தடவை கேட்டார். "ஊட்டிக் கேரட்டுங்க, பீட்ரூட்டு. நித்துவுக்கு அங்க கெடைக்கறது நல்லாவே இல்ல" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள், அது கூட இப்போதுதான் உறைக்கிறது. ஒரே நாளில் எடுத்துப் போயிருந்தால் அது பிரிவு. நாலு வருடத்தில் பை பையாக எடுத்துப் போனால் அதற்கு என்ன பெயர். அவரை நோகடிக்கக் கூடாது என்று எவ்வளவு பக்குவமாகச் செய்திருக்கிறாள், இலை வாட்டுகிற மாதிரி. சிராயும் அப்படித்தானோ. உங்களோடு இருக்க முடியவில்லை என்று சொல்லாமல், உங்கள் தரையில் இருக்க முடியவில்லை என்று சொன்னாளோ. பழியைப் பலகையின் மேல் போட்டாளோ. அவர் பீரோவைச் சாத்தினார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். சரி, அவள் ஏன் இருக்க வேண்டும், அதைச் சொல் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். இந்த வீட்டில் அவளுக்கு என்ன இருந்தது. சாயங்காலம் ஜீப் வரும், இவர் போய்விடுவார். விடிந்த பிறகு வந்து, போர்த்திக்கொண்டு தூங்குவார். பிரதீபாவுக்கு ஜுரம் வந்த ராத்திரிகள், மழை பிய்த்துக்கொண்டு கொட்டிய ராத்திரிகள், வாசலில் காட்டெருமை வந்து நின்ற ராத்திரி, எல்லாம் அவள் தனியாக. பலகைத் தரைக்கு அடியில் வெற்றிடம். குளிர் ஏறினால் மரம் சுருங்கி, யாரோ நடக்கிற மாதிரி டக் டக்கென்று தானாகச் சத்தம் போடும். கல்யாணமான புதிதில் அதற்குப் பயந்து தூங்காமல் உட்கார்ந்திருந்ததாக ஒரு காலை சொன்னாள். "மரம்னா அப்பிடித்தான், பழகிரும்" என்றார் அவர். பழகியும் போனது. அவள் முப்பது வருடம் செய்ததைத்தான் அவர் இப்போது நாலு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார், அதற்கே இந்தப் பாடு. "இங்க வந்துருங்களேன்" என்று அவளும் கூப்பிடாமல் இல்லை. ஒரு தடவை போனார். பதினோரு நாள். வழுவழு டைல்ஸ், லிஃப்ட், மருமகனின் மரியாதை, பால்கனியில் ஒரு நாற்காலி. பன்னிரண்டாம் நாள் வீட்டில் குழாய் ஒழுகும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அவள் நிறுத்தவில்லை. அவள் கிளம்பிய அன்று அவரும் நிறுத்தவில்லையே. போகாதே என்றோ, சீக்கிரம் வா என்றோ, நீ இல்லாமல் எனக்கு முடியாது என்றோ ஒரு சொல் சொன்னாரா. போய்ட்டு வா என்றார். அது கடைக்குப் போகிறவர்களிடமும் சொல்வதுதான். நாலு வருடத்தில் ஆறு மணிப் போன் ஆயிரத்துக்கு மேல் வந்திருக்கும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, மழையா. சாப்பிட்டேன், போட்டேன், இல்லை. வா என்று சொல்ல வாய் வராதவன் மூன்று வாரம் முழங்காலில் நின்று தரை தேய்த்திருக்கிறான்.

ஒன்றே காலுக்கு நித்தின் மறுபடி சிரித்தான். கம்பிக்கு வெளியே மரங்களின் தலை தெரியவில்லை, பனி ஏறிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து வாசற்படிக்கு வந்து நின்றார். கூடத்து ஜன்னல் வழியாகப் பனி புகைபோல எட்டிப் பார்த்தது. வெளுத்தால் வெளுக்கட்டும் என்றிருந்தது. பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சிரிப்புக்கு அந்தப் பக்கம் அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், அது மட்டும் நிச்சயம். "மணி" என்றார் அவர், கூடத்தைப் பார்த்து. தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. காலையிலிருந்து பேசவே இல்லை. "மணி, நீ வந்துரு. தரைக்காக இல்ல. தரை கெடக்குது. எனக்கு முடியல. காலைல எந்திரிச்சா யாருகிட்டப் பேசறதுன்னு தெரியல. டீ போட்டா ரெண்டு டம்ளருக்குப் போட்டுட்டு ஒண்ணக் கீழ ஊத்தறேன். அப்ப உன்னத் தனியா உட்டுட்டுப் போனேன், தப்புத்தான். வந்துரு. இல்லாட்டி நான் வாரேன், கொழா ஒழுகுதுன்னு சொல்லமாட்டேன், அந்தப் பால்கனியிலயே உக்காந்துக்கறேன். என்னய உங்கூட வெச்சுக்கோ." சிரிப்பு நின்றது. மறுபடி தொடங்கியது. அவரும் மறுபடி சொன்னார், இந்தத் தடவை இன்னும் சுருக்கமாக, இன்னும் நன்றாக. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. இரண்டு தடவை சொன்னதில் வாய்க்குப் பழகிவிட்டது. நாலு வருடமாகத் தொண்டையில் நின்றது இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது. தரை காய்ந்ததும் போனை எடுக்க வேண்டியது, இதையே அப்படியே சொல்ல வேண்டியது. அவ்வளவுதான். மறந்துவிடக் கூடாதே என்று கட்டிலில் உட்கார்ந்து உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி.

இரண்டரைக்குக் குனிந்து விரலால் தொட்டார். ஒட்டவில்லை. பனியும் எட்டிப் பார்த்ததோடு போய்விட்டிருந்தது. ஒரு பலகையும் வெளுக்கவில்லை. வெறுங்காலோடு குறுக்கே நடந்து போய்ப் போனை எடுத்தார். ஏழு தவறிய அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டார், முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"ஏனுங்க! எங்க போனீங்க? பதினோரு மணிலேர்ந்து அடிக்கறேன். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கிளாரா டீச்சரக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லலாம்னா அவங்க கல்யாண வேலையா மண்டபத்துல இருக்கறாங்க."

"பயந்துட்டியா?" என்றார்.

"பின்ன? தனியா இருக்கறவரு போன எடுக்கலைன்னா என்னன்னு நெனைக்கறது?" அவள் குரல் நடுங்கியது. அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். இதுதான் நேரம்.

"எதுக்குக் கூப்பிட்டே?"

"அதாங்க, நாளைக்கு. விடியக்காலைல வண்டியேறி நேரா மண்டபத்துக்கே வந்துடறேன். சாப்பாடு ஆனதும் மூணு மணி பஸ்ஸுக்குத் திரும்பறேன். நித்துவுக்கு மறுநாள் ஸ்கூல்ல ஆண்டு விழா, வேஷம் போட்டு உடறதுக்கு ஆளில்ல. வீட்டுக்கு ஏறி எறங்க நேரம் இருக்காது. நீங்களும் மண்டபத்துக்கு வந்துருங்க, பாத்துக்கலாம்."

அவர் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். வெளிச்சம் பலகைகளின் மேல் நீளமாகக் கிடந்தது. அழகாகத்தான் இருந்தது.

"அது கெடக்கட்டும். காலைலேர்ந்து என்னதான் பண்ணுனீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா உக்காந்திருந்தேன்."

"சாப்பிட்டீங்களா?"

"உம்."

"மாத்திரை?"

"போட்டேன்." பிறகு, "மணி" என்றார்.

"சொல்லுங்க."

அவ்வளவு தடவை சொல்லிப் பார்த்த சொற்களில் முதல் சொல் எது என்று தேடினார். வெளியே கல்யாண வீட்டு ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று.

"நாளைக்கு இங்க குளுரு சாஸ்தி. காதுக்குக் கட்டிக்கிட்டு வா."

"சரிங்க" என்றாள். "வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"வெச்சிடட்டுங்களா?"

"வை."

அவள் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது, அவளுக்குப் பின்னால் குக்கர் ஒரு விசில் அடித்தது, பிறகு இன்னொன்று. மூன்றாவது விசிலுக்கு அவள் போனை வைத்தாள்.